செய்யாமல் விடப்போவது எது?

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். கேட்டால் ஏராளம் போலத்தான் தோன்றும். சரி, கழித்துக்கொண்டே வருவோம். தினமும் 8 மணி நேரத் தூக்கம் என்றால் 56 போய்விடும், மிச்சம் 112. வேலைக்கு 48, போக வர 10. இப்போது 54. குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது எல்லாவற்றுக்கும் சேர்த்து நாளுக்கு 2 மணி நேரம் வைத்தால் 14 போய் 40 ஆகிறது. சமையல், துவைப்பது, பெருக்கித் துடைப்பது, கடைக்குப் போவது என்று வீட்டு வேலைக்கு இன்னொரு 14. கடைசியில் கையில் நிற்பது 26 மணி நேரம். நாள் கணக்கில் பார்த்தால் நாலு மணி நேரம்கூட இல்லை.

அந்த 26-க்குள்தான் பிள்ளைகள், பெற்றோர், நண்பர்கள், உடற்பயிற்சி, படிக்க எடுத்துவைத்த புத்தகங்கள், கற்றுக்கொள்ள நினைத்த மொழி, நிரப்பாமல் கிடக்கும் படிவங்கள், மருத்துவரைப் பார்க்கப் போவது, சும்மா உட்கார்ந்திருப்பது எல்லாம் அடங்க வேண்டும். கைபேசியையும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். இத்தனைக்கும் இந்தக் கணக்கில் வீட்டில் யாருக்கும் காய்ச்சல் வரவில்லை, எதுவும் பழுதாகவில்லை, யாரும் திடீரென்று வந்து நிற்கவில்லை.

தலைக்கு மேல் வேலை கிடக்கிறது. எதை முதலில் தொடுவது என்று தெரியவில்லை. ஒன்றைச் செய்யும்போது இன்னொன்று நினைவுக்கு வந்து உறுத்துகிறது. கடைசியில் எதையுமே செய்யாமல் கைபேசியைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறோம். இந்தத் திணறலுக்கு நாமே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருப்போம்: எனக்கு ஒழுங்கு போதாது, சுறுசுறுப்பு போதாது, நேரத்தைச் சரியாகக் கையாளத் தெரியவில்லை. சிலருக்கு அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் கோளாறு ஆளிடம் இல்லை, கணக்கில் இருக்கிறது. 26 மணி நேரத்துக்குள் 60 மணி நேர வேலையை எப்படி அடுக்கினாலும் அடங்காது. 34 மணி நேர வேலை வெளியே நின்றே தீரும்.

எந்த வேலை வெளியே நிற்கும் என்பதை நாம் முடிவு செய்யலாம். செய்யாவிட்டால் அது தானாகவே முடிவாகிவிடும். தானாக முடிவாகும்போது அதற்கு ஒரு பழக்கம் உண்டு. சத்தம் போடுகிறவர்களின் வேலை உள்ளே வரும், சத்தம் போடாதது வெளியே போகும். அலுவலகத்திலிருந்து வரும் செய்திக்குச் சத்தம் உண்டு, கடைசித் தேதி உள்ள படிவத்துக்குச் சத்தம் உண்டு. உங்கள் தூக்கத்துக்கு இல்லை. ஊரில் இருக்கும் அம்மாவிடம் நிதானமாகப் பேசுவதற்கு இல்லை. வருடக்கணக்காக எழுத நினைத்திருக்கும் ஒன்றுக்கு நிச்சயமாக இல்லை. நேரத்துக்கு எல்லை உண்டு என்று ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் அந்த எல்லை இருக்கத்தான் செய்கிறது. அவர்களுக்குப் பதிலாக வேறு யாரோ தேர்ந்தெடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

வேகமாகச் செய்தால் தீராதா?

எல்லாருக்கும் முதலில் தோன்றும் வழி இதுதான். சீக்கிரம் எழுவது, புதிய செயலி ஒன்றை இறக்குவது, இரண்டு வேலையை ஒன்றாகச் செய்வது. வேலையின் அளவு மாறாமல் நின்றால் இது உதவும். நூறு விடைத்தாள் திருத்த வேண்டும், நூற்றியொன்று வராது என்றால் வேகமாகத் திருத்துகிறவர் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். ஆனால் இன்று நம்மைத் திணறடிக்கும் வேலைகளில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவை அல்ல. அவை வந்துகொண்டே இருக்கின்றன. மின்னஞ்சலுக்கு உடனே பதில் போட்டால் அதற்கு ஒரு பதில் வரும். இவர் உடனே பதில் போடுவார் என்ற பெயர் கிடைத்துவிட்டால், வேறு இடத்துக்குப் போக வேண்டிய கேள்விகளும் உங்களிடம் வரும். அலுவலகத்தில் வேலையைச் சீக்கிரம் முடிப்பவருக்கு என்ன பரிசு கிடைக்கும் என்று வேலை பார்த்த எவரையும் கேளுங்கள். அடுத்த வேலைதான்.

இது ஏதோ இணையக் காலத்துச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு விசித்திரத்தைக் காட்டினார். துணி துவைக்கும் இயந்திரம், தூசி உறிஞ்சும் இயந்திரம், எரிவாயு அடுப்பு எல்லாம் அமெரிக்க வீடுகளுக்குள் வந்த பிறகும், இல்லத்தரசிகள் வீட்டு வேலைக்குச் செலவிட்ட நேரம் பெரிதாகக் குறையவில்லை. உடல் நோவு குறைந்தது உண்மை. ஆனால் சுத்தத்தின் அளவுகோல் உயர்ந்துவிட்டது. எப்போதோ ஒரு நாள் துவைத்த துணியை அடிக்கடி துவைக்க ஆரம்பித்தார்கள். முன்பு வெளியே சலவைக்குப் போனதும், வீட்டில் மற்றவர்கள் செய்ததும் அந்த ஒரு பெண்ணின் தலையில் வந்து சேர்ந்தன. இயந்திரம் மிச்சம் பிடித்த நேரத்தை இயந்திரமே தின்றுவிட்டது என்றுகூடச் சொல்லலாம்.

பொருளாதார அறிஞர் ஜான் மேனார்ட் கெயின்ஸ் 1930-இல் இன்னும் பெரிய கணிப்பு ஒன்றைச் சொன்னார். நூறு வருடத்தில் மனிதர்கள் வாரத்துக்கு 15 மணி நேரம் வேலை பார்த்தால் போதும் என்ற நிலை வந்துவிடும், மிச்ச நேரத்தை என்ன செய்வது என்பதுதான் பிரச்சினையாக இருக்கும் என்றார். அந்த நூறு வருடம் 2030-இல் முடிகிறது. வளர்ந்த நாடுகளின் உற்பத்தி அவர் சொன்ன திசையில்தான் பெருகியது. 15 மணி நேர வாரம்தான் வரவில்லை. கூடுதலாகக் கிடைத்ததை நாம் ஓய்வாக எடுத்துக்கொள்ளவில்லை, இன்னும் அதிகமாக வேண்டும் என்று எடுத்துக்கொண்டோம். கிடைக்கிற நேரம் முழுவதையும் நிரப்பும்வரை வேலை வீங்கும் என்று பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் சிரில் நார்த்கோட் பார்க்கின்சன் 1955-இல் ஒரு கட்டுரையில் கிண்டலாக எழுதினார். அது இன்றைக்கும் அவர் பெயரிலேயே ஒரு விதியாக வழங்குகிறது.

நேரத்தை மிச்சம் பிடிக்கும் உத்திகளை நான் குறை சொல்ல வரவில்லை. வரிசைதான் தப்பு என்கிறேன். முதலில் குறைக்க வேண்டும், அப்புறம்தான் வேகம். குறைக்காமல் வேகத்தைக் கூட்டினால், தேவையில்லாதவற்றை இன்னும் அதிகமாகச் செய்து முடிப்போம்.

நம் கணக்கு ஏன் எப்போதும் தப்புகிறது?

இவ்வளவு எளிய கூட்டல் கழித்தல் ஏன் நமக்குப் புரிவதில்லை? நாம் முட்டாள்கள் என்பதால் இல்லை. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கணிக்கும்போது, மனித மனம் ஒரே பக்கமாகத் தவறு செய்கிறது. உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இலேயே இதற்குத் 'திட்டமிடல் பிழை' என்று பொருள்படும் பெயரை வைத்துவிட்டார்கள். எல்லாம் நல்லபடியாக நடந்தால் எவ்வளவு ஆகுமோ, அதையே சாதாரணமாக ஆகும் நேரம் என்று எடுத்துக்கொள்கிறோம்.

1994-இல் வெளியான ஓர் ஆய்வு இதை நன்றாகப் படம்பிடித்தது. ரோஜர் ப்யூலரும் அவருடைய சகாக்களும், இறுதி ஆண்டு ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த உளவியல் மாணவர்களிடம், எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக வந்த பதில் 34 நாள். எல்லாமே மோசமாகப் போனால் எப்போது முடியும் என்று கேட்டதற்கு 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது சராசரியாக 55 நாளுக்கும் மேல். அதாவது நடக்கக்கூடிய மிக மோசமான நிலை என்று அவர்கள் கற்பனை செய்ததையும் நிஜம் தாண்டிவிட்டது. அவர்கள் சொன்ன நாளுக்குள் முடித்தவர்கள் பத்தில் மூன்று பேர் அளவில்தான்.

வேலையைப் பற்றி யோசிக்கும்போது நாம் வேலையை மட்டும்தான் பார்க்கிறோம். நடுவில் வரும் தலைவலி, தேடினால் கிடைக்காத கோப்பு, பதில் சொல்லாத மனிதர், அரை மணி நேரம் என்று ஆரம்பித்து மாலைவரை நீளும் கூட்டம் எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. இதற்கு ஓரளவு பலன் தரும் மருந்து ஒன்று உண்டு. இதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று மனதைக் கேட்பதை விட்டுவிட்டு, இதே மாதிரி வேலைக்குப் போன தடவை எவ்வளவு ஆனது என்று கேளுங்கள். போன தடவை மூன்று வாரம் ஆனதென்றால் இந்தத் தடவையும் மூன்று வாரம்தான். இந்த முறை நான் வேற மாதிரி செய்யப்போகிறேன் என்று மனம் சொல்லும். போன தடவையும் அது அதையேதான் சொன்னது.

இதற்குத் தம்பி முறை வரும் இன்னொரு பிழையும் இருக்கிறது. எனக்கு இதுதான் அதிக ஆபத்தாகப் படுகிறது, ஏனென்றால் வாக்குக் கொடுப்பது இங்கேதான் நடக்கிறது. இன்றைக்கு நேரமில்லை, ஆனால் இரண்டு மாதம் கழித்து நிறைய நேரம் இருக்கும் என்று நாம் நம்புகிறோம். கால் ஸாபர்மன், ஜான் லிஞ்ச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2005-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். எதிர்காலத்தில் இப்போதைவிடப் பணம் கொஞ்சம் தாராளமாக இருக்கும் என்று மக்கள் எதிர்பார்ப்பதைவிட, நேரம் தாராளமாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது மிக அதிகமாக இருந்தது. நாட்காட்டியைத் திருப்பிப் பாருங்கள், புரியும். மூன்று மாதம் தள்ளி இருக்கும் வாரம் காலியாகத் தெரியும். அது நிஜமாகவே காலி இல்லை. அந்த வாரத்தின் சில்லறை வேலைகள் இன்னும் எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே யாராவது வந்து, அடுத்த மாதத்துக்கு அடுத்த மாதத்தில் ஒரு நாள்தான், பெரிய வேலை ஒன்றும் இல்லை என்று சொன்னால், மனதுக்குள் தேதியை மாற்றிப் பாருங்கள். இது நாளைக் காலையில் என்றால் நான் சரி என்பேனா? மாட்டேன் என்றால் அந்த மாதத்துக்கும் அதுவே பதில். அந்த நாள் வரும்போது அது நாளைக் காலையாகத்தான் வரும்.

கையில் எத்தனை இருக்கலாம்?

திணறலில் இருப்பவர்களிடம் பொதுவாகக் காணப்படும் ஒரு பழக்கம், எல்லாவற்றையும் தொட்டுவைப்பது. எதையும் விடவில்லை என்ற ஆறுதல் அதில் கிடைக்கிறது. ஆனால் வரிசைகளைப் பற்றிய கணிதம் இதற்கு நேர் எதிராகப் பேசுகிறது. ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961-இல் நிறுவிய ஒரு விதி, வங்கி வரிசையிலிருந்து தொழிற்சாலைவரை எல்லா இடத்திலும் பயன்படுகிறது. நம் பாஷையில் சொன்னால், கையில் கிடக்கும் வேலைகளின் எண்ணிக்கையை வாரத்துக்கு எத்தனை முடிக்கிறோம் என்பதால் வகுத்தால், ஒரு வேலை சராசரியாக எத்தனை வாரம் நம்மிடம் கிடக்கும் என்பது தெரிந்துவிடும்.

உங்கள் கையில் 12 வேலைகள், வாரத்துக்கு 3 முடிகிறது என்று வையுங்கள். ஒவ்வொன்றும் சராசரியாக 4 வாரம் உங்களிடம் இருக்கும். அதே வேகத்தில், கையில் 6 மட்டும் வைத்துக்கொண்டால் 2 வாரம். நீங்கள் ஒரு நிமிடம்கூட அதிகமாக உழைக்கவில்லை. மற்றவர் பார்வையில் இரண்டு மடங்கு வேகமான ஆளாகிவிட்டீர்கள். மிச்ச வேலைகள் என்ன ஆகும்? அவை வெளியே காத்திருக்கும், அல்லது வேறு ஆளைத் தேடிப் போகும். முன்பும் அவை காத்துத்தான் இருந்தன, ஆனால் உங்கள் மேஜை மேல், உங்கள் தலைக்குள்.

தலைக்குள் என்பது வெறும் பேச்சு இல்லை. ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குத் தாவும்போது, கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது என்று சோஃபி லெராய் 2009-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆக, பன்னிரண்டையும் தொட்டுவைத்தால் வாரத்துக்கு மூன்று என்ற வேகமே குறைந்துவிடும். கணக்கு இன்னும் மோசமாகும்.

வரிசைக் கணிதம் சொல்லும் இன்னொரு விஷயம், முழுதாக நிரம்பிய நாள் பற்றியது. ஒரே ஆள், வேலைகள் ஒழுங்கில்லாமல் அவ்வப்போது வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரமும் அதேபோல ஒழுங்கில்லாமல் மாறுகிறது என்ற எளிய மாதிரியை எடுத்துக்கொள்வோம். அவருடைய நேரத்தில் பாதி நிரம்பியிருந்தால், புதிதாக வரும் வேலை சராசரியாக ஒரு வேலையை முடிக்க ஆகும் நேரம் அளவுக்குக் காத்திருக்கும். 80 சதவீதம் நிரம்பியிருந்தால் அதைப்போல 4 மடங்கு. 90 சதவீதத்தில் 9 மடங்கு. 95 சதவீதத்தில் 19 மடங்கு. கடைசி ஐந்து பத்து சதவீதத்தை நிரப்புவதற்கு நாம் கொடுக்கும் விலை இது. சாலை முழுவதும் வண்டிகளால் நிரம்பிவிட்டால் அந்தச் சாலையை முழுதாகப் பயன்படுத்துகிறோம் என்று யாரும் பெருமைப்படுவதில்லை. நாட்காட்டி விஷயத்தில் மட்டும் பெருமைப்படுகிறோம். இடைவெளி விட்டுவைப்பது சோம்பேறித்தனம் என்ற எண்ணத்தை விட்டால்தான், திடீரென்று வரும் ஒரு வேலை மொத்த வாரத்தையும் கவிழ்க்காமல் இருக்கும்.

ஜப்பானில் டொயோட்டா தொழிற்சாலைகளில் பிறந்த 'கான்பான்' முறை இப்போது மென்பொருள் குழுக்கள்வரை பரவியிருப்பதற்கு இதுவே அடிப்படை. ஒரு கட்டத்தில் இத்தனை வேலைதான் இருக்கலாம் என்று முன்கூட்டியே எல்லை வைத்துவிடுவார்கள். ஒன்று முடிந்து வெளியேறினால்தான் அடுத்தது உள்ளே வரலாம். தனிமனிதருக்கும் இது அப்படியே பொருந்தும். இரண்டு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பெரியது, அதில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம், நூறானாலும் பரவாயில்லை. இன்னொன்று சின்னது, அதில் நான்கைந்துக்கு மேல் இடமில்லை. வேலை செய்வது சின்னப் பட்டியலிலிருந்து மட்டும்.

பெரிய பட்டியலில் இருப்பவை உறுத்தாதா என்றால், கொஞ்சம் உறுத்தும். முடிக்காத வேலை நினைவில் தங்கி நிற்கும் என்ற கருத்தை உளவியலாளர் ப்ளூமா ஸைகார்னிக் 1927-லேயே முன்வைத்தார். அதைப் பின்னால் சோதித்தவர்களுக்கு எப்போதும் அதே முடிவு கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் நமக்கு உதவக்கூடியது 2011-இல் மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் கண்டது: வேலையை முடிக்காவிட்டாலும், அதை எப்போது எப்படிச் செய்வேன் என்று குறிப்பாக ஒரு திட்டம் போட்டுவிட்டாலே, அந்த வேலை மற்றவற்றில் குறுக்கிடுவது பெருமளவு அடங்கிவிடுகிறது. "வங்கி விஷயம்" என்று எழுதிவைப்பதைவிட "வியாழக்கிழமை மதியம் சாப்பிட்டதும் வங்கிக்கு ஃபோன்" என்று எழுதினால் மனம் அதை விட்டுவிடும்.

ஒத்துக்கொள்வது என்றால் என்ன?

இதுவரை சொன்னதெல்லாம் கணக்கு. கஷ்டமான பகுதி இதற்கு மேல்தான். எல்லாவற்றையும் செய்ய முடியாது என்று வாயால் சொல்வது சுலபம். யாரைக் கேட்டாலும் ஆமாம் என்பார்கள். ஆனால் உள்ளுக்குள், இந்த மாதம் மட்டும் தாண்டிவிட்டால், இந்தத் திட்டம் முடிந்துவிட்டால், பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்துவிட்டால், எல்லாவற்றையும் எட்டிப்பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை இருந்துகொண்டே இருக்கும். ஒத்துக்கொள்வது என்றால் அந்த நம்பிக்கையைக் கைவிடுவது. அது வலிக்கும். பாதியில் நிற்கும் இசைப் பயிற்சி இனி நடக்காது என்று தெரிவது, நெருக்கமாக இருந்த எல்லா நண்பர்களுடனும் அதே நெருக்கம் இனி முடியாது என்று தெரிவது, வேலையில் முதலிடம், வீட்டில் முழுக் கவனம் இரண்டும் ஒரே வருடத்தில் வாய்க்காது என்று தெரிவது. இவை இழப்புகள்தான். இழப்பு என்று பெயர் சொல்லாமல் ஒழுங்குபடுத்தும் உத்திகளால் மூடிவைக்கப் பார்ப்பதால்தான், உத்திகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்கின்றன.

ஆனால் இதில் விடுதலையும் உண்டு. முடியாத ஒன்றை முடிக்கவில்லை என்று தன்னைத்தானே திட்டிக்கொள்வதற்கு அர்த்தம் இல்லாமல் போய்விடுகிறது. எதைச் செய்யாமல் விட்டாலும் குற்றவுணர்வு என்ற நிலை போய், எதை விடுவது என்ற கேள்வி வருகிறது. அந்தக் கேள்விக்கு யோசித்துப் பதில் சொல்ல முடியும். கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

எதை விடுவது என்பதில் பலரும் தப்புச் செய்யும் இடம் ஒன்று. பிடிக்காத வேலைகளை விடுவது கஷ்டமே இல்லை, வசதி இருந்தால் எல்லாரும் அதை எப்போதோ விட்டிருப்போம். விட வேண்டியவை பெரும்பாலும் ஓரளவு பிடித்தவை. ஓரளவு நல்ல வாய்ப்பு, ஓரளவு பயனுள்ள பயிற்சி வகுப்பு, ஓரளவு சுவாரசியமான குழு. மோசமானவை நம் நேரத்தைப் பெரிதாகத் திருடுவதில்லை, அவற்றை அடையாளம் கண்டுகொள்கிறோம். இந்த 'ஓரளவு'கள்தான் வாரத்தை நிரப்புகின்றன.

அப்புறம், எங்கே சுமாராக இருக்கப்போகிறோம் என்பதையும் முன்னாலேயே முடிவு செய்துவிடலாம். எல்லாத் துறையிலும் சிறப்பாக இருக்க நேரம் கிடையாது, ஆகவே சில துறைகளில் எப்படியும் சுமாராகத்தான் இருப்போம். ஹெர்பர்ட் சைமன் என்ற அறிஞர் 1956-இல் சொன்னதன் சாரம் இது: உண்மையான வாழ்க்கையில் யாரும் எல்லா வழிகளையும் அலசி ஆகச்சிறந்ததைத் தேர்ந்தெடுப்பதில்லை, போதுமான அளவு நல்லது கிடைத்ததும் நிறுத்திக்கொள்கிறார்கள். அவருக்கு 1978-இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே 'போதும்' என்று நிறுத்துவதைச் சோம்பேறிகளின் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. இந்த மூன்று மாதம் வீடு கலைந்துதான் கிடக்கும் என்று நீங்களே முடிவு செய்திருந்தால், கலைந்த வீட்டைப் பார்க்கும்போது வரும் எரிச்சல் வேறு மாதிரி இருக்கும். அது தோல்வியாகத் தெரியாது, முன்பே தெரிந்த செலவாகத் தெரியும்.

முடியாது என்று சொல்வது

இங்கேதான் எல்லாத் திட்டமும் வந்து முட்டி நிற்கும். கேட்பவர் வேண்டியவராக இருப்பார், மறுக்க மனம் வராது. நேராக மறுக்கக் கூச்சப்பட்டு "பார்க்கலாம்", "முயற்சி பண்றேன்" என்று சொல்லிவைப்போம். அந்த நிமிடத்துக்கு இதமாக இருக்கும். ஆனால் மறுத்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும் ஒன்று, இப்போது பட்டியலில் உயிரோடு உட்கார்ந்துவிட்டது. கேட்டவரும் நம்பிக்கொண்டு காத்திருப்பார். மரியாதை பார்த்து சொன்ன அரைச் சம்மதம் இரண்டு பக்கமும் நஷ்டம்.

நீளமான காரணம் சொல்ல வேண்டியதில்லை. காரணம் நீள நீள, அதற்கு மாற்று வழி சொல்ல மற்றவருக்கு இடம் கிடைக்கும். "கேட்டதுக்கு சந்தோஷம். இந்த முறை என்னால முடியாது" என்றால் போதும். வேறு யாரையாவது கைகாட்ட முடிந்தால் கைகாட்டலாம்.

மேலதிகாரியிடம் இப்படிப் பேச முடியாது, உண்மைதான். அங்கே மறுப்பதற்குப் பதில் கணக்கை அவர் முன்னால் வைக்கலாம். "செய்துடறேன் சார். இப்போ கையில் இந்த மூணு இருக்கு. இதை முதல்ல எடுத்தா அறிக்கை வெள்ளிக்கிழமை முடியாது, திங்கட்கிழமைதான். எது முன்னால வேணும்னு சொல்லுங்க." நல்ல மேலதிகாரி என்றால் யோசித்து ஒன்றைத் தள்ளிவைப்பார். எல்லாமே முதலில்தான் வேண்டும் என்று சொல்கிறவர்களும் உண்டு. அவரிடமும் இந்தப் பேச்சு வீண் இல்லை. எது தாமதமாகும் என்று முன்கூட்டியே சொல்லியாகிவிட்டது, முடிந்தால் அதை எழுத்திலும் போட்டுவையுங்கள்.

எல்லாருக்கும் இது பொருந்துமா?

பொருந்தாது. மேலே போட்ட கணக்கில் 26 மணி நேரம் மிஞ்சியது. இரண்டு வேலை பார்க்கிறவருக்கு, கைக்குழந்தையைத் தனியாக வளர்ப்பவருக்கு, படுக்கையில் இருக்கும் பெரியவரைக் கவனித்துக்கொள்கிறவருக்கு மிஞ்சுவது இரண்டு மணி நேரம்கூட இருக்காது. அவரிடம் போய், எதை விடுவது என்று நிதானமாகத் தேர்ந்தெடுங்கள் என்று சொல்வது கொடுமை. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்ப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் பார்ப்பவர்களோடு ஒப்பிட்டால், பக்கவாதம் வரும் அபாயம் சுமார் 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் கூறின. இது தனிமனிதர் பட்டியல் போட்டுத் தீர்க்கும் விஷயம் இல்லை. சம்பளம், வேலை நேரச் சட்டம், பராமரிப்பு வசதி எல்லாம் சேர்ந்தது.

வீட்டுக்குள்ளும் இதே கேள்வி உண்டு. ஒருவருக்கு மாலையில் ஓய்வு கிடைப்பது, இன்னொருவர் அந்த நேரத்தில் அடுக்களையில் நிற்பதால் என்றால், முதலாமவர் தன் நேரத்தின் எல்லையைப் பற்றித் தத்துவம் பேசுவதில் நியாயம் இல்லை. 168 மணி நேரக் கணக்கை வீட்டில் இருக்கும் பெரியவர்கள் எல்லாரும் தனித்தனியாகப் போட்டு, தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல வீடுகளில் அதைவிடப் பெரிய பேச்சுவார்த்தை தேவைப்படாது.

இன்னொன்று. மலைப்பு எல்லாமே வேலைப் பளுவால் வருவது இல்லை. பளு குறைந்த பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் மனம் கனத்தே கிடந்தால், முன்பு பிடித்தவற்றில்கூட ஆர்வம் போய்விட்டால், தூக்கமும் பசியும் கெட்டுப்போனால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்குப் பட்டியல்கள் உதவாது, மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

மற்றவர்கள் ஒரு தாளோடு ஆரம்பிக்கலாம். முதலில் உங்கள் 168-ஐக் கழித்து, உங்களுக்கான மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். என்னுடைய 26 உங்களுக்குப் பொருந்தாது. அடுத்து, யார் யாருக்கு என்னென்ன ஒத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று எழுதி, பக்கத்தில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று போடுங்கள். உங்களுக்கு நீங்களே கொடுத்துக்கொண்ட வாக்குகளையும் விடாதீர்கள், அவையும் நேரம் கேட்பவைதான். கூட்டினால் பெரும்பாலும் மிச்சத்தைத் தாண்டிவிடும். அன்றைக்கே எல்லாவற்றையும் சரிசெய்ய உட்கார வேண்டாம், அது இன்னொரு வேலையாகிவிடும். ஒரே ஒன்றை அடியுங்கள். அது இன்னொருவருக்குக் கொடுத்த வாக்காக இருந்தால் அன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள். இரண்டு வாரம் கழித்துச் சொன்னால், வேறு ஆளைத் தேட அவருக்கு நேரம் இருக்காது.